டிக்கியில் ஏறிய குலுக்கை

அவரைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்கு இன்றைக்கும் பொறுப்பதில்லை. போன மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பழைய அருப்புக்கோட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர், "அந்த மொளகா வத்தல் மண்டி மொதலாளியோட வெள்ளை அம்பாசடர்ல பாட்டுக் கேட்டிருக்கீகளா? அது மாதிரி சத்தம் இன்னைக்கு எத்தனை லட்சம் குடுத்தாலும் வராதுங்க. ரசிகன்யா அந்த மனுசன்" என்றார். அந்தக் காரை ஏழு வருஷம் ஓட்டியவன் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ரசிகனாம்.

அவர் பெயர் வேண்டாம். பிள்ளைகளும் பேரன்களும் நல்ல நிலையில் இருக்கிறார்கள், அவர்கள் என்ன பாவம் செய்தார்கள். மண்டியில் எல்லோரும் முதலாளி என்போம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஆள் குள்ளம், நல்ல சிவப்பு, முன்னால் தள்ளிய தொந்தி. காரில் ஏறினால் பின் சீட்டில் உட்காரமாட்டார், எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். உட்கார்ந்ததும் சட்டையின் கீழ்ப்பொத்தான் இரண்டையும் கழற்றித் தொந்தியைக் காற்றாட விடுவார். பிறகு என்னிடமிருந்து கார்ச் சாவியை வாங்கிக் காது குடைவார். ஆமாம், கார்ச் சாவியால்தான். கண்ணை மூடிக்கொண்டு, வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, ஏதோ புதையல் தோண்டுகிற நிதானத்தில் குடைவார். வந்ததைச் சீட்டுக்கு அடியில் தடவிவிட்டு, சாவியை என்னிடம் நீட்டி, "எடுப்பா" என்பார். ஏழு வருஷமும் அந்தச் சாவியை வேட்டி நுனியால் துடைத்துத்தான் வண்டி எடுத்தேன். காலையில் சீட்டுக்கு அடியைச் சுரண்டுவதும் என் வேலைதான்.

"காது சுத்தமா இருக்கணும்ப்பா. நமக்கு அதுதான் மொதல்" என்பார்.

அவருடைய நடுவிரல் கணு காய்த்துக் கறுத்திருக்கும். எதைக் கண்டாலும் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். தூணைத் தட்டுவார், பீரோவைத் தட்டுவார், மாட்டின் விலாவைத் தட்டுவார். ஓட்டலில் மேஜையைத் தட்டுவார். கூப்பிடுகிறார் என்று சர்வர் ஓடி வந்தால், "ஒன்னைய யாரு கூப்பிட்டா? பலாப் பலகையா மாம்பலகையான்னு பாத்தேன்" என்பார். காதில் ஏதாவது பட்டுவிட்டால் பேச்சை நிறுத்திவிட்டு மறுபடி தட்டுவார். எதிரில் இருப்பவர் பேசி முடித்தாரா என்பது பற்றிக் கவலையில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. அந்தக் காது உண்மையிலேயே அசாத்தியமான காது. பெட்ரோல் டாங்கியைத் தட்டிவிட்டு, "திருச்சுழி போயிரலாம், திரும்ப ஏலாது" என்பார், அப்படியே நடக்கும். வத்தல் மூட்டையைத் தரையில் போடச் சொல்லி, விழுகிற சத்தத்தில் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை பந்தல்குடிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் இடது பக்க முன் சக்கரத்தை ஒரு கல்லால் தட்டினார். "இத ஓட்டாத, வெடிச்சிருக்கு" என்றார். மெக்கானிக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அன்றைக்கு நான் உயிர் பிழைத்தது அவர் காதால்தான். அதற்காகவே அவரைக் கும்பிட்டிருக்கலாம், அத்தோடு அவர் நிறுத்தியிருந்தால்.

எழுபதுகளின் பின்பாதியில் அவருடைய மச்சினன் சிங்கப்பூரிலிருந்து காரில் மாட்டுகிற கேசட் செட் ஒன்றும், அதோடு ஒரு ஆம்ப்ளிஃபயரும், சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கரும் கொண்டுவந்து கொடுத்தார். அதுவரை எங்கள் பக்கத்தில் சத்தம் என்றால் குழாய் ஸ்பீக்கர்தான். வேப்பமரத்தில் கட்டிவிட்டால் மூன்று ஊருக்குக் காதைக் கிழிக்கும். இது வேறு மாதிரி. மேலே இருந்து கத்துகிற சத்தம் இல்லை, அடியிலிருந்து எழும்பி வருவது, தவிலின் தொப்பிப் பக்கம் மாதிரி. ஆனால் ஸ்பீக்கரை வெறுமனே டிக்கியில் போட்டால் அந்தச் சத்தம் வரவில்லை. "முன்னாடி தள்ளுற காத்தும் பின்னாடி தள்ளுற காத்தும் ஒன்னையொன்னு தின்னுருது மொதலாளி. ரெண்டையும் பிரிக்கிறதுக்கு ஒரு பெட்டி வேணும். பெட்டி எப்படியோ அப்படித்தான் சத்தம்" என்று ரேடியோ ரிப்பேர்க்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லித் தொலைத்தார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. மண்டி வேலையெல்லாம் இரண்டாம்பட்சமாகி, முதலாளி பெட்டி தேட ஆரம்பித்தார்.

முதலில் மண்ணெண்ணெய் டின். டின்னுக்குள் வண்டை அடைத்துவிட்ட மாதிரி கிர்ரென்றது. பிறகு டீத்தூள் வருகிற பிளைவுட் பெட்டி. அது இரண்டே நாளில் ஆணி கழன்று தானும் சேர்ந்து பாடியது. பித்தளை அண்டா ஒன்றை வீட்டிலிருந்து தூக்கிவந்தார். ஒவ்வொரு அடிக்கும் கோயில் மணி மாதிரி ரீங்கரித்து, பாட்டு எது, பாத்திரம் எது என்று தெரியவில்லை. கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டு வேப்பம் பலகையில் பெட்டி செய்யச் சொன்னார். ஆசாரி பொறுமைசாலி. முதலில் நாலு பக்கமும் இறுக்கி அடைத்த பெட்டி செய்தார். சத்தம் சுத்தமாக இருந்தது, எனக்குப் பிடித்திருந்தது. முதலாளி சட்டையைத் தூக்கி, வெறும் தொந்தியைப் பெட்டியில் ஒட்டவைத்துக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். நடுக்கடைவீதி. போகிற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

"வயித்துக்கு வரல ஆசாரி" என்றார்.

"பாட்டு காதுக்குத்தானே மொதலாளி?"

"காதுக்குக் கேக்குறதுக்கு ரேடியோ போதாதா? இது வயித்துக்கு. வயித்துல வந்து குத்தணும். குத்தி நெறையணும்."

பெட்டியில் ஒரு துவாரம் வைத்தார்கள். அடிச்சத்தம் பெருத்தது, ஆனால் துவாரத்தின் வழியே காற்று புஸ் புஸ்ஸென்று சீறியது. துவாரத்தைச் சின்னதாக்கினார்கள். பெரிதாக்கினார்கள். மூங்கில் குழாய் சொருகினார்கள். ஐந்தாவது தடவை உளியைக் கீழே வைத்துவிட்டு ஆசாரி சொன்னார்: "ஒன்னு அடைச்ச பெட்டியக் கேளுங்க, இல்ல வாய் வச்ச பெட்டியக் கேளுங்க. ரெண்டையும் ஒரே பெட்டியில கேட்டா நான் எங்க போவேன்?"

"அடைச்சது ஊமை, தொறந்தது ஓட்டவாய். எனக்கு வேண்டியது வேற" என்றார் முதலாளி.

இந்த ரகளையில் ஸ்பீக்கரின் காகிதம் கிழிந்துவிட்டது. ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், வாயிலிருந்த சோற்றை நன்றாக மென்று கூழாக்கி, உள்ளங்கையில் துப்பி, தீப்பெட்டியின் மெல்லிய காகிதத்தை அதில் பிசைந்து கிழிசலில் ஒட்டினார். "எச்சில் பட்டாத்தான் நல்லாப் புடிக்கும். புடிச்சுக்கப்பா, காயுற வரைக்கும்" என்றார். கால் மணி நேரம் அவருடைய எச்சில் என் விரலுக்கும் காகிதத்துக்கும் நடுவில் காய்ந்தது. அதற்குப் பிறகு அன்று நான் சாப்பிடவில்லை.

இன்னொரு நாள் அவருடைய சொந்தச் சித்தப்பா இறந்துபோனார். நான்தான் அழைத்துப்போனேன். கூடத்தில் பிணம், சுற்றிலும் பெண்கள், வாசலில் மேளம். சித்தப்பாவின் மகள், இவருக்குத் தங்கச்சி முறை, இவரைக் கண்டதும் "அண்ணே" என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இவர் அந்தக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வாசலுக்குப் போய், அடித்துக்கொண்டிருந்த மேளத்தை நிறுத்தச் சொல்லி, அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "உள்ள என்ன கட்டை? எத்தனை விரக்கடை கனம்?" என்று விசாரித்தார். மேளம் நின்றதும் உள்ளே அழுகையும் ஒரு கணம் நின்று, என்னவென்று எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது காரில் சொன்னார்: "தங்கச்சி அழுகையில மேல் சத்தம்தான் இருக்கு. அடிச்சத்தமே இல்ல, கவனிச்சியா?" கார்ச் சாவி அவர் காதுக்குள் இருந்திருந்தால் அப்படியே அழுத்தியிருப்பேன். நல்லவேளை, வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு மண்பானைக்கு வந்தார். சந்தையில் நாற்பது ஐம்பது பானைகளைத் தட்டி ஒன்றை எடுத்தார். வாயில் ஸ்பீக்கரை உட்காரவைத்து, சுற்றிலும் சணலும் தார்க் கீலும் பூசினோம். முதல் பாட்டிலேயே அவர் முகம் மாறிவிட்டது. நான் கேட்டவரையில் அதுதான் நெருங்கி வந்த சத்தம். ஆனால் பாலையம்பட்டி தாண்டுவதற்குள் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்க, பானை இரண்டாகப் பிளந்தது. உடைந்த சில்லு ஒன்றை எடுத்து விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்: "மண்ணுதான்ப்பா. ஆனா கனமான மண்ணு வேணும். அடியில ஒரு சின்ன வாயும் வேணும்."

அப்படி ஒன்று ஏற்கெனவே வீட்டுக்கு வீடு இருக்கிறது என்பது அன்றைக்கு அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மழை பொய்த்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் கண்மாயெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, சீமைக்கருவேலைத் தவிரப் பச்சை என்று எதுவும் இல்லை. நரிக்குடிப் பக்கம் ஏதோ வத்தல் இருக்கிறதென்று கேள்விப்பட்டுப் போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பிக்கொண்டிருந்தோம். மத்தியானம் ஆகிவிட்டது. வண்டி சூடாகிப் புகைந்தது. ரோட்டோரம் ஒரு கூரைவீட்டு முன்னால் நிறுத்தித் தண்ணீர் கேட்டேன். இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு வந்தவள் அரைக்குடம் தண்ணீர் கொடுத்தாள். "குடிக்கிற தண்ணி தம்பி. ரெண்டு மைல் போயி எடுத்தது. பாத்து ஊத்துங்க" என்றாள். முத்திருளாயி என்று பெயர். அவள் புருஷன் எங்கள் மண்டியில்தான் மூட்டை தூக்குகிறான் என்பது பேச்சில் தெரிந்தது. முதலாளியை அடையாளம் கண்டுகொண்டு முந்தானையைச் சரிசெய்தாள்.

அவர் அதற்குள் செருப்போடு வீட்டுக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. தொம், தொம். பிறகு ஒரு மௌனம். பிறகு மறுபடி தொம்.

மூலையில் ஒரு விதைக் குலுக்கை நின்றது. குலுக்கை என்பது தானியம் போட்டு வைக்கிற மண் கூடு. மண்ணும் வைக்கோலும் குழைத்து, விரல் பருமனுக்குக் கனமாகச் சுவர் வைத்துச் செய்வார்கள். பெரிய வீடுகளில் ஆள் உயரம் இருக்கும். இது சின்னது, தொடை உயரம். மேல் வாயைச் சாணியும் மண்ணும் கலந்து பூசி அடைத்திருந்தாள். அடியில் தானியம் எடுக்க ஒரு சின்னத் துவாரம், அதில் துணியடைப்பு. கனமான மண், அடைத்த வயிறு, கீழே ஒரு வாய். முதலாளி மண்டியிட்டு அதன்மேல் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, பிள்ளையைக் கொஞ்சுகிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்த துணியை இரண்டு விரலால் பிடுங்கினார். குதிரைவாலி சரசரவென்று தரையில் கொட்டியது.

முத்திருளாயி குழந்தையை அப்படியே தரையில் இறக்கிவிட்டு ஓடிவந்து உள்ளங்கையால் துவாரத்தைப் பொத்தினாள்.

"வெதைய்யா! மழைக்கு வச்சிருக்கிற வெதை!"

"கொஞ்சந்தானே கொட்டுச்சு. பதறாத தாயி. இந்தக் குலுக்கை எனக்கு ஒரு வாரத்துக்கு வேணும்."

"அதுல வெதை இருக்குய்யா. போட்டது போட்டது ரெண்டு வருசமாக் காஞ்சு, மிஞ்சுனது இம்புட்டுத்தான். இத விட்டா எங்களுக்கு வெதையே இல்ல."

"வெதைய யாரு கேட்டா? அதச் சாக்குல கொட்டி வச்சுக்க. நான் வெறுங்குலுக்கைய எடுத்துட்டுப் போறேன்."

"எடத்த விட்டு அசைக்கக் கூடாதுய்யா. மழை விழுந்து ஏரு பூட்டுற அன்னைக்குத்தான் அடைப்பத் தொறப்போம். எங்க சாமிக்கும் அதான் வழக்கம்."

முதலாளி வாசல் பக்கமாகக் குனிந்து வானத்தைப் பார்த்தார். வெயில் வெள்ளையாக எரிந்தது. சிரித்தார். "மழை வர்றதுக்குள்ள நான் நூறு பாட்டுக் கேட்டுட்டுக் கொண்டாந்து போட்டுருவேன்" என்றார். பிறகு அதே சிரிப்போடு, "ஒம் புருசன் நாளைக்கும் வேலைக்கு வரணும்ல?" என்றார். மிரட்டலாகச் சொல்லியிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். வேடிக்கையாகச் சொன்னார்.

தரையில் இருந்த குழந்தை கொட்டிய தானியத்தைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தது. குச்சிக் கை, குச்சிக் கால், வயிறு மட்டும் ஊதியிருந்தது. முதலாளி குனிந்து அந்த வயிற்றையும் விரலால் தட்டினார். "இங்க பாருப்பா, இதுவும் நல்லாத்தான் அடிச்சத்தம் குடுக்குது" என்றார் என்னிடம். நான் சிரித்தேன். அவர் ஏதாவது சொன்னால் சிரிப்பது எனக்குப் பழகியிருந்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் வாயை நானே கழுவிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

டிக்கியில் பெட்டி நகராமல் இருக்க அடியில் ஒரு சாக்கு போட்டிருந்தேன். அதை எடுத்துவரச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தேன். முத்திருளாயி அதைக் கையில் வாங்கியதும் விரலால் கசக்கிப் பார்த்தாள். சாக்கு விறைப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது.

"இது உப்புச் சாக்கு மாதிரி இருக்கே? இதுல போட்டா வெதை நமத்துப் போயிரும். மொளைப்பே செத்துப்போகும்."

அது உப்புச் சாக்குதான். போன மாதம் உப்புக் கடையில் நானே கேட்டு வாங்கியது. முதலாளிக்கும் அது தெரியும். ஆனால் அவர் என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, என்ன சாக்கு இது?" என்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி கேட்டார்.

முத்திருளாயி என் முகத்தைப் பார்த்தாள். சாக்கின் ஒரு நூலை நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் அவளே கண்டுபிடித்திருப்பாள். அப்படிச் செய்யவில்லை. முதலாளி சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டாள், நான் நம்மாள் என்று நினைத்துவிட்டாள்.

"வத்தல் சாக்குதான்க்கா. ஒன்னும் செய்யாது" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று யாராவது கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை. பசி. வெயில். இந்தப் பெட்டிக் கூத்து இன்றோடு முடியட்டும் என்கிற அலுப்பு. வேலை போய்விடும் என்ற பயம்கூட அந்த நேரத்தில் பெரிதாக இல்லை. உப்புச் சாக்கு என்று சொன்னால் இன்னும் அரை மணி நேரம் நிற்க வேண்டும், வத்தல் சாக்கு என்றால் கிளம்பிவிடலாம். அவ்வளவு மலிவாகத்தான் அந்தப் பொய் வந்தது.

அவளே அடைப்பை உடைத்து விதையைச் சாக்கில் கொட்டினாள். வேப்பிலைச் சருகும் சேர்ந்து வந்தது. தரையில் சிந்தியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டாள். நானும் முதலாளியும் குலுக்கையைத் தூக்கி, டிக்கியில் வைக்கோல் பரப்பி, சாய்த்து வைத்துக் கயிற்றால் கட்டினோம்.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. ஸ்பீக்கரை மேல் வாயில் பதித்து, சுற்றிக் கீல் பூசி, அடித் துவாரத்தைத் திறந்துவிட்டு முதல் பாட்டைப் போட்டபோது கடைவீதியே நின்றது. மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடுகிற மாதிரி ஒரு சத்தம். இரைச்சல் இல்லை, சீறல் இல்லை. சீட்டின் முதுகு வழியாக ஏறி என் நெஞ்சுக்கூட்டில் வந்து உட்கார்ந்தது. எனக்குப் புல்லரித்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் பிடிக்காத சங்கதி. என் உடம்பு அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. முதலாளி தொந்தியைத் தடவிக்கொண்டு கண்ணீர் விட்டார். ஆசாரி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு குறை மட்டும் இருந்தது. சத்தம் கூடும்போதெல்லாம் உள்ளே கிலுகிலுவென்று எதுவோ துள்ளியது. "என்னமோ உள்ள கெடக்கு, எடுத்து எறி" என்றார். துவாரத்தில் கைவிட்டுத் துழாவினேன். ஒட்டிக்கொண்டிருந்த குதிரைவாலி இரண்டு கைப்பிடி வந்தது. "இத அந்த அக்காகிட்ட அனுப்பிவிடவா மொதலாளி?" என்றேன். "ரெண்டு புடியையா? கோழிக்குப் போடுப்பா" என்றார். மண்டி வாசலில் போட்டேன்.

ஒரு வாரம் என்றது இரண்டு மாதம் ஆனது. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று குலுக்கையோடு கார் போகாத இடமில்லை. முத்திருளாயியின் புருஷன் இரண்டு தடவை மூட்டையை இறக்கிவிட்டு வந்து, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "மொதலாளி, அந்தக் குலுக்கை" என்று இழுத்தான். "வருது வருது" என்றார் முதலாளி. நான் பக்கத்தில்தான் நின்றேன். சாக்கை மாற்றச் சொல் என்று அவன் காதில் சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். சொன்னால் அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும்.

ஐப்பசியில் மழை பெய்தது. விடாமல் நாலு நாள் பெய்தது. இரண்டு வருஷத்துப் புழுதி அடங்கி, ஊரே ஏரைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

இருபது நாள் கழித்து ஒரு காலையில் முதலாளி, "மழை பேஞ்ச காத்துல சத்தம் எப்படிப் போகுதுன்னு பாக்கணும். திருச்சுழிக்கு அங்கிட்டு விடு" என்றார். ரோட்டின் இரண்டு பக்கமும் பச்சை, சாண் உயரத்துக்குப் பயிர் நின்றது. ஓர் இடத்தில் மட்டும் ஒரு துண்டு நிலம் சிவப்பாக, மொட்டையாகக் கிடந்தது. "இங்க நிறுத்து, எதிரொலி இருக்காது" என்று இறங்கி, டிக்கியைத் திறந்துவிட்டு, குலுக்கையின் முன்னால் தொந்தியைத் தள்ளிக்கொண்டு நின்றார். அது யார் நிலம் என்று எனக்குக் கூரைவீட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் சீட்டைவிட்டு இறங்கவில்லை. கேசட்டைப் போட்டேன்.

முத்திருளாயி நிலத்துக்குள்ளிருந்து வந்தாள். மண்ணைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறாள், கையெல்லாம் ஈர மண். குழந்தை இடுப்பில் இருந்தது. அவள் அழவும் இல்லை, சாபமும் விடவில்லை. உள்ளங்கையை விரித்து முதலாளியிடம் காட்டினாள். கறுத்துப் போன குதிரைவாலி, பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"மொளைக்கலய்யா. அங்கொன்னு இங்கொன்னு வந்துச்சு, அதையும் குருவி கொத்திருச்சு. ஊருல யாருகிட்டயும் வெதை மிச்சமில்ல. குலுக்கையவாவது குடுத்துருங்க."

முதலாளிக்கு உண்மையாகவே புரியவில்லை. எரிச்சலோ ஏளனமோ குரலில் இல்லை. "வெதையே இல்லங்கிற. இனிமே வெறுங்குலுக்கைய வச்சு நீ என்ன செய்யப் போற?" என்று கேட்டார்.

அவள் அவரை விட்டுவிட்டு, காரைச் சுற்றிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தாள். குழந்தையின் தலை ஜன்னல் விளிம்பில் முட்டியது. விரித்த உள்ளங்கையை அவள் இன்னும் மூடவில்லை.

"தம்பி, அது உப்புச் சாக்குதானே?" என்றாள்.

நான் செட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லு தம்பி. நீ சொன்னதாலதான் கொட்டுனேன்."

பின்னாலிருந்து முதலாளியின் குரல் வந்தது. "ஏம்ப்பா, வயித்துக்கு வரல. சத்தத்தக் கூட்டு."

கூட்டினேன்.